ஐந்து ரிமோட்டுக்குப் பதில் ஒன்று: ஆன் வேறு, ஆஃப் வேறு என்ற குறியீடுகளைத் தேடி

டிவி, ஏவி ரிசீவர் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குத் தரும் கருவி), செட் டாப் பாக்ஸ், புளூரே பிளேயர், டிவியின் முதுகில் செருகிய ஸ்ட்ரீமிங் ஸ்டிக். ஐந்து கருவிகள், ஐந்து ரிமோட்டுகள். செட் டாப் பாக்ஸும் புளூரேவும் ரிசீவருக்குள் போகின்றன. ரிசீவரிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிள் டிவியின் முதல் துளைக்கு வருகிறது. ஸ்டிக் மட்டும் நேரடியாக டிவியின் இரண்டாம் துளையில் இருக்கிறது. அதன் ஒலி, ஏஆர்சி என்ற திரும்பு பாதையில் முதல் கேபிள் வழியாகவே ரிசீவருக்குப் போய்ச் சேர்கிறது. எல்லாவற்றையும் நானே இணைத்ததால் எனக்கு இந்தப் பாதை மனப்பாடம். வீட்டில் மற்றவர்களுக்கு அப்படியில்லை. சில நேரம் திரை கறுப்பாக இருந்து சத்தம் மட்டும் வரும்; சில நேரம் படம் வந்து சத்தம் வராது. ஐந்தில் எதை எடுத்து எதை அழுத்துவது என்று அம்மா திகைத்து நிற்பார்.

நான் விரும்பியது இதுதான்: ஒரே யுனிவர்சல் ரிமோட். அதில் சேனல், வட்டு, இணையம் என்று மூன்று பொத்தான்கள். நான்காவது பொத்தான் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். எந்தக் கருவி எந்த நிலையில் இருந்தாலும், ஒரு பொத்தானை அழுத்தினால் எப்போதும் ஒரே முடிவு வர வேண்டும். வேலையின் கடினம் முழுவதும் இந்தக் கடைசி நிபந்தனையில் இருக்கிறது. கருவியின் நிறுவனத்துக்கு உரிய நான்கு இலக்க எண்ணைப் போட்டு டிவியின் ஒலியைக் கூட்டுவது எப்படி என்று எல்லாக் கையேடுகளும் சொல்லிவிடுகின்றன. எந்த நிலையிலும் ஒரே முடிவு வருவதற்கு என்ன செய்வது என்று சொல்லும் கையேட்டை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியது பொத்தான்கள் உள்ள சாதாரண வகை, தொடுதிரை கிடையாது. ஆனால் இரண்டு வசதிகள் கட்டாயம் வேண்டும் என்று பார்த்தே தேர்ந்தெடுத்தேன். ஒன்று, பிற ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் திறன். மற்றொன்று, ஒரே அழுத்தலில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்பும் மேக்ரோ, அதுவும் கட்டளைகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தை நாமே அமைக்கும்படியாக. இந்த இரண்டும் இல்லாத ரிமோட்டால் ஐந்து ரிமோட்டுகளின் பொத்தான்களை ஓரிடத்தில் சேர்த்துவைக்க முடியும், அவ்வளவுதான். கருவிகளின் வரிசையை மனிதர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கெடுப்பு

எந்த ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது, எது பேசவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால் போதும். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் ஒளி திரையில் வெளிர் ஊதாவாகத் துடிக்கும். பின்பக்கக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பது வழக்கம் என்பதால் முன்பக்கக் கேமராவில் பார்ப்பது நல்லது.

நான்கு ரிமோட்டுகள் துடித்தன. ஸ்டிக்கின் ரிமோட்டில் பவர் பொத்தானும் ஒலிப் பொத்தான்களும் மட்டும் துடித்தன. அம்புக்குறிகளையும் முகப்புப் பொத்தானையும் அழுத்தினால் திரையில் ஒன்றுமில்லை. அந்த இரண்டு வேலைகளையும் அது டிவிக்கு அகச்சிவப்பில் சொல்கிறது, மற்றவற்றை ஸ்டிக்கிடம் புளூடூத்தில் சொல்கிறது. புளூடூத்தில் போவதை எந்தக் கற்றல் ரிமோட்டும் கற்றுக்கொள்ளாது. ரிமோட் வாங்கிய பிறகு இது தெரியவந்து பலர் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அதனால் இந்தக் கேமராச் சோதனையைக் கடைக்குப் போவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

புளூடூத் கருவியை விட்டுவிட வேண்டியதில்லை, சுற்றுவழி ஒன்று உண்டு. எச்டிஎம்ஐ கேபிளின் 13ஆம் முள்ளில் சிஇசி என்ற ஒற்றைக் கம்பிப் பேச்சு நடக்கிறது. டிவியின் ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தினால், டிவி அதை அந்தக் கம்பி வழியே ஸ்டிக்கிடம் ஒப்படைக்கிறது. ஆகவே யுனிவர்சல் ரிமோட் டிவியின் அம்புக்குறியை அகச்சிவப்பில் அனுப்பினால் போதும், மிச்ச வேலையை டிவி பார்த்துக்கொள்ளும். இந்த வசதி டிவி அமைப்புகளில் சிஇசி என்ற பெயரில் பெரும்பாலும் இருக்காது. சாம்சங் அதை அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. உள்ளே இருப்பது ஒன்றே. டிவி, ஸ்டிக் இரண்டிலும் அதை இயக்கி, டிவியின் சொந்த ரிமோட்டால் ஸ்டிக்கின் மெனுவில் நகர முடிகிறதா என்று பார்த்தேன். நகர்ந்தது. ஐந்தாவது ரிமோட்டின் கவலை அப்போதே தீர்ந்தது.

எண் போடுவது

யுனிவர்சல் ரிமோட்டின் செட் பொத்தானை எல்இடி இருமுறை மினுக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். பிறகு கருவியின் பொத்தான், அதன் பிறகு நான்கு இலக்க எண். ஒரே நிறுவனத்தின் பெயருக்கு நேரே பத்துப் பதினைந்து எண்கள் இருக்கும். முதல் எண்ணிலேயே டிவி அணைந்தால் அத்தோடு நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தாதீர்கள். பவரும் ஒலியும் பல எண்களில் வேலை செய்யும். வேறுபாடு பின்செல், உள்ளீட்டுத் தேர்வு, வண்ணப் பொத்தான்கள், வசன எழுத்து ஆகியவற்றில்தான் தெரியும். எங்கள் டிவிக்கு முதலில் ஏற்ற எண்ணில் பின்செல் பொத்தான் மெனுவை முழுவதுமாக மூடிவிட்டது. பட்டியலில் கீழே இருந்த ஓர் எண்ணில் அது ஒரு படி மட்டும் பின்னால் போனது. ஸ்டிக்கை இதே பொத்தானால்தான் ஓட்டப்போகிறோம் என்பதால் அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாக இருந்தது.

எண் தெரியாத கருவிக்குத் தானாகத் தேடும் வசதியும் இருக்கிறது. ரிமோட் தன் பட்டியலிலுள்ள பவர் குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போகும், கருவி அணைந்ததும் நாம் நிறுத்த வேண்டும். அது பவரை மட்டுமே சோதிக்கிறது என்பதால் முன்பு சொன்ன குறை இதிலும் உண்டு. பொருந்திய எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிட்டேன்.

ஒலிப் பொத்தான்களைப் பற்றி ஒரு வரி. எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஒலி மட்டும் எப்போதும் ரிசீவருக்கே போகும்படி பூட்டும் வசதி பெரும்பாலான யுனிவர்சல் ரிமோட்டுகளில் உண்டு. அதை அமைத்துவிட்டால், டிவியின் ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சத்தம் வரவில்லையே என்ற குறை வீட்டில் எழாது.

கற்றுக்கொடுப்பது

செட் டாப் பாக்ஸ் பட்டியலில் இல்லை. அதன் ரிமோட்டையும் யுனிவர்சல் ரிமோட்டையும் ஒரே பரப்பில், மூக்கோடு மூக்கு பார்த்திருக்கும்படி வைத்து, நடுவே மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். ஜன்னல் வெயில் நேரடியாகப் படாத இடமாக இருக்க வேண்டும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால், கற்கும் ரிமோட் அதையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். கற்றுக்கொடுக்கும் ரிமோட்டில் புது பேட்டரி இருப்பது நல்லது. பொத்தானைச் சுருக்கமாக ஒரு முறை அழுத்தி எடுக்க வேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. பரவலாகப் புழங்கும் என்இசி என்ற குறியீட்டு முறையில், பொத்தானைப் பிடித்திருந்தால் முதல் கட்டளை ஒரு முறைதான் போகும். அதன் பிறகு ஏறத்தாழ 108 மில்லி விநாடிக்கு ஒரு தரம் 'அதுவே மறுபடி' என்ற குறுஞ்செய்தி மட்டும் போகும். கற்கும் ரிமோட் அந்தக் குறுஞ்செய்தியைப் பிடித்துக்கொண்டால் பொத்தானுக்குப் பொருளே இருக்காது.

எல்லாப் பொத்தான்களையும் கற்றுக்கொண்ட பிறகும் ஒரு விசித்திரம் தென்பட்டது. 12 என்று அழுத்தினால் 12ஆம் சேனல் வந்தது. 11 என்று அழுத்தினால் 1ஆம் சேனல் வந்தது. 22, 33 எல்லாவற்றிலும் அப்படியே. கீழ் அம்புக்குறியை இருமுறை தட்டினால் மெனு ஒரு வரிதான் இறங்கியது. சற்று நிறுத்தித் தட்டினால் இரண்டு வரியும் சரியாக இறங்கின. ஒரே பொத்தானை அடுத்தடுத்து அழுத்தும்போது மட்டுமே கோளாறு.

உள்ளே என்ன போகிறது என்று பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. டிஎஸ்ஓபி 38238 என்ற மூன்று கால் அகச்சிவப்பு உணரியை, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு இணைத்தேன். உணரியின் குமிழ் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து முதல் கால் வெளியீடு, நடுக்கால் பூமி, மூன்றாம் கால் 5 வோல்ட். ஐஆர்ரிமோட் என்ற திறந்தமூல நிரல்தொகுப்பில் உள்ள பெறும் மாதிரியை ஏற்றினால், எந்த ரிமோட்டைக் காட்டினாலும் அது எந்த முறை, முகவரி (எந்தக் கருவிக்கான செய்தி என்பது) என்ன, கட்டளை எண் என்ன என்று கணினித் திரையில் வரி வரியாக வரும்.

செட் டாப் பாக்ஸ் பேசுவது பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி-5 முறை. ஒரு கட்டளை 14 பிட் (0 அல்லது 1) நீளம்: தொடக்கத்துக்கு இரண்டு, முகவரிக்கு ஐந்து, கட்டளைக்கு ஆறு. தொடக்கத்துக்கும் முகவரிக்கும் நடுவே ஒரு பிட் இருக்கிறது. பொத்தானை விட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு பிட் மட்டும் 0, 1, 0, 1 என்று மாறிக்கொண்டே வரும். விரல் பொத்தானிலேயே இருக்கிறதா, எடுத்து மீண்டும் அழுத்தப்பட்டதா என்பதைப் பெட்டி அதை வைத்துத்தான் அறிகிறது. அசல் ரிமோட்டைக் காட்டியபோது திரையில் அந்த பிட் அழுத்தத்துக்கு அழுத்தம் மாறியது. யுனிவர்சல் ரிமோட்டைக் காட்டியபோது எத்தனை தரம் அழுத்தினாலும் 0 ஆகவே நின்றது. கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒரு கணத்தைப் பதிவு செய்து அதையே திரும்ப ஒலிக்கிறது. பதிவானபோது பிட் 0 என்றால் எப்போதும் 0தான். பெட்டியின் கணக்கில், விரலை எடுக்காமல் ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கிறோம்.

கற்றுக்கொடுப்பதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தக் குறை போகாது. ரிமோட்டே ஆர்சி-5 முறையில் குறியீட்டை உருவாக்கினால்தான் போகும். என் பெட்டியின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், அதன் முகவரி எண் இப்போது கைக்கு வந்துவிட்டது. பட்டியலில் இருந்த பிற செட் டாப் பாக்ஸ் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அர்டுயினோவுக்குக் காட்டி, ஆர்சி-5 என்றும் அதே முகவரி என்றும் வரும் எண்ணைத் தேடினேன். வேறொரு நிறுவனத்தின் பெயருக்குக் கீழே அது கிடைத்தது. எண் பொத்தான்களும் அம்புக்குறிகளும் அந்த எண்ணிலேயே சரியாக ஓடின. பெட்டிக்கே உரிய சில பொத்தான்களை மட்டும் அதன் மேல் கற்றுக்கொடுத்தேன். அவற்றை யாரும் அடுத்தடுத்து அழுத்தப் போவதில்லை. 11 அழுத்தினால் இப்போது 11தான் வருகிறது.

ஆனும் ஆஃபும்

இனிமேல்தான் மேக்ரோ. சேனல் பார்க்க என்ற பொத்தானுக்கு இயல்பாக மனதில் வரும் வரிசை இது: டிவி பவர், ரிசீவர் பவர், பெட்டி பவர், பிறகு உள்ளீடுகள். எல்லாம் அணைந்திருக்கும்போது இது அழகாக நடக்கும். ஆனால் டிவி ஏற்கெனவே ஆன் ஆகியிருந்தால், அதே பவர் கட்டளை டிவியை அணைத்துவிடும். ஏனென்றால் அந்தக் கட்டளைக்கு நிலையை மாற்று என்பது மட்டுமே பொருள். இயங்கு என்றோ நில் என்றோ அது சொல்வதில்லை. ஒரு கருவி தலைகீழாகிவிட்டால், பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் மற்றவை எரியும்போது அது அணைந்தும், மற்றவை அணையும்போது அது எரிந்தும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

அகச்சிவப்பு ரிமோட் இருளில் குரல் கொடுப்பதைப் போன்றது. கேட்டவர் பதில் சொல்ல வழியில்லை. டிவி ஆன் ஆனதா என்று ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. 1956இல் ராபர்ட் ஆட்லர் ஜெனித் நிறுவனத்துக்காக வடிவமைத்த, அலுமினியத் தண்டுகளைத் தட்டி மீயொலி எழுப்பும் ரிமோட்டிலும் இதே ஒருவழிப் பேச்சுதான். ஸ்டீவ் வாஸ்னியாக் 1987இல் கொண்டுவந்த கோர் என்ற கற்றல் ரிமோட்டும் சொல்வதைத் திரும்பச் சொல்லும், பதிலைக் கேட்காது. லாஜிடெக்கின் ஹார்மனி வரிசை இதற்கு ஒரு விடை கண்டது: எதை ஆன் செய்தோம் என்று ரிமோட்டே நினைவில் வைத்துக்கொள்ளும், தவறினால் உதவிப் பொத்தானை அழுத்தியதும் டிவி ஆன் ஆகிவிட்டதா என்று நம்மிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் யாராவது எழுந்துபோய் டிவியின் பொத்தானைத் தொட்டுவிட்டால் அந்த நினைவும் பொய்யாகிவிடும். 2021இல் லாஜிடெக் அந்த வரிசையை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிட்டது.

உறுதியான தீர்வு ஒன்றுதான். ஆன் மட்டும் செய்யும் கட்டளை ஒன்று, ஆஃப் மட்டும் செய்யும் கட்டளை ஒன்று. இயங்கிக்கொண்டிருக்கும் டிவிக்கு ஆன் கட்டளை போனால் ஒன்றும் நடக்கக் கூடாது. பல டிவிகளுக்கும் ரிசீவர்களுக்கும் இப்படிப்பட்ட தனிக் கட்டளைகள் புரியும். அவற்றோடு வரும் ரிமோட்டில்தான் அதற்கான பொத்தான்கள் இருக்காது. ரிசீவருக்குத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அதன் தயாரிப்பாளரே வெளியிட்டிருந்த குறியீட்டு அட்டவணையில் ஆன், ஆஃப், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனி எண் என எல்லாம் இருந்தன.

டிவிக்கு அப்படி ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் அது பேசுவது என்இசி முறை என்பதை அர்டுயினோ காட்டியிருந்தது. 9 மில்லி விநாடி நீண்ட துடிப்பு, 4.5 மில்லி விநாடி அமைதி, பிறகு 32 பிட். முகவரியும் அதன் தலைகீழும் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), கட்டளையும் அதன் தலைகீழும். கட்டளைக்கு 8 பிட்தான் என்றால், இந்த டிவியின் முகவரியில் இருக்கக்கூடிய கட்டளைகள் மொத்தம் 256. ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்துவிடலாம்.

அர்டுயினோவின் 3ஆம் முள்ளிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓர் அகச்சிவப்பு எல்இடியை இணைத்து, டிவியின் உணரிக்கு அருகே நிறுத்தினேன். இந்த ரெசிஸ்டரில் ஏறத்தாழ 17 மில்லி ஆம்பியர்தான் ஓடும் என்பதால் எட்டும் தூரம் குறைவு. அறையின் மறுபக்கத்திலிருந்து அனுப்ப வேண்டுமானால் நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். கட்டளை எண்ணைத் திரையில் காட்டி, அனுப்பி, மூன்று விநாடி காத்திருந்து அடுத்ததற்குப் போகும்படி சிறு நிரல் எழுதினேன். ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 13 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 256இல் பழுதுபார்ப்போருக்கான மெனுவைத் திறக்கும் எண்கள் இருக்கலாம். அடுத்தடுத்துப் போகும் எண்கள் அந்த மெனுவுக்குள் எதையாவது மாற்றிவிடவும் கூடும். அதனால் சுற்று ஓடும்போது எழுந்து போகக் கூடாது. நிறுத்துவதற்கு ஒரு பொத்தானை அர்டுயினோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத மெனு தோன்றினால் உடனே நிறுத்தி, எதையும் தொடாமல் டிவியின் மின்சாரத்தைத் துண்டித்து, அந்த எண்ணைத் தவிர்க்கும் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தொடர வேண்டும். எங்கள் டிவியில் அப்படி ஒரு மெனு திறக்கவே செய்தது. மஞ்சள் எழுத்துகளும் எண்களும் திரை முழுக்க வந்தன. இந்த முன்னேற்பாடு இருந்ததால் எதுவும் மாறவில்லை.

முதல் சுற்றை டிவி அணைந்திருந்த நிலையில் ஓட்டினேன். அணைந்த டிவி பெரும்பாலான கட்டளைகளைக் காதில் வாங்காது என்பதால் இது எளிது. டிவியை எழுப்பும் எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத் தொடர வேண்டும். எழுப்பிய எண்கள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று வழக்கமான பவர். மற்றவற்றை, டிவி இயங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி அனுப்பினேன். ஒன்று சேனலை மாற்றியது. ஒன்றை அனுப்பியபோது டிவி அசையவே இல்லை. மறுபடி அனுப்பினேன், அப்போதும் அசையவில்லை. அணைத்துவிட்டு அனுப்பினேன், எழுந்தது. நான் தேடியது அதுதான். ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தேன்.

இரண்டாம் சுற்று டிவி இயங்கும் நிலையில். அணைக்கும் எண்ணைப் பிடித்து, அணைந்த டிவிக்கு மறுபடி அனுப்பி, அது எழவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். இதே சுற்றில் இன்னொரு பரிசும் கிடைத்தது: ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் நேராகத் தாவும் தனி எண்கள். உள்ளீட்டுப் பொத்தானும் பவரின் அதே நோயுள்ளது. அது பட்டியலைத் திறந்து அடுத்ததற்கு நகர்த்தும். இப்போது எதில் நிற்கிறோம் என்று தெரியாமல் அதை மேக்ரோவில் வைக்க முடியாது. நேராகத் தாவும் எண் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

அசல் ரிமோட்டில் இல்லாத இந்தக் கட்டளைகளை யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? அர்டுயினோவின் எல்இடியையே ஆசிரியராக்கினேன். யுனிவர்சல் ரிமோட்டைக் கற்கும் நிலையில் வைத்து, மூன்று சென்டிமீட்டர் தள்ளி எல்இடியை நிறுத்தி, குறிப்பிட்ட ஒரு கட்டளையை மட்டும் ஒரு முறை அனுப்பினால் அது கற்றுக்கொள்கிறது. என்இசி முறையில் மாறிக்கொண்டே வரும் பிட் கிடையாது என்பதால், செட் டாப் பாக்ஸில் கண்ட குறை இங்கே வராது.

செட் டாப் பாக்ஸுக்குத் தனி ஆன், ஆஃப் இல்லை. ஆனால் அதன் நடத்தையில் ஒரு பிடி கிடைத்தது. உறக்க நிலையில் இருக்கும்போது எண் பொத்தான் ஒன்றை அழுத்தினால் அது விழித்துக்கொள்கிறது; விழித்திருக்கும்போது அழுத்தினால் சேனல்தான் மாறுகிறது. ஆகவே எண் பொத்தானே ஆன் கட்டளை. அணைக்க: முதலில் எண் பொத்தான், சில விநாடி இடைவெளி, பிறகு பவர். முன்பு எந்த நிலையில் இருந்தாலும் எண் பொத்தான் அதை விழித்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது, பவர் அணைத்துவிடுகிறது. தனிக் கட்டளை இல்லாத கருவிகளுக்கு இப்படி ஒரு வழியைத் தேடிப் பாருங்கள். பிளே பொத்தானுக்கு விழிக்கும் பிளேயர்கள் உண்டு. உள்ளீட்டுப் பொத்தானுக்கு விழிக்கும் டிவிகளும் உண்டு.

வரிசையும் இடைவெளியும்

எங்கள் டிவி ஆன் ஆன பிறகு ஏறத்தாழ எட்டு விநாடிக்கு எந்தக் கட்டளையையும் கேட்பதில்லை. அதனால் மேக்ரோவில் டிவி ஆன் முதலில் போகிறது. அது எழும் நேரத்தில் ரிசீவரின் ஆன், ரிசீவரின் உள்ளீடு, பெட்டியின் எண் பொத்தான் ஆகியவை போய்விடுகின்றன. கடைசியாக, எட்டு விநாடி கழிந்த பிறகு, டிவியின் உள்ளீடு. மெதுவாக எழுவதை முதலில் எழுப்பி, காத்திருக்கும் நேரத்தில் மற்றவற்றைச் செய்தால் மொத்த நேரம் குறைகிறது.

நேரம் குறைவது வசதிக்காக மட்டும் இல்லை. மேக்ரோ ஓடி முடியும் வரை ரிமோட் கருவிகளைப் பார்த்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்திய கையோடு ரிமோட்டை மடியில் வைத்துவிடுவது மனித இயல்பு. அம்மாவிடம் பத்து விநாடி நீட்டிப் பிடியுங்கள் என்று ஒரு முறை சொன்னேன். கை வலிக்கும் என்றார். அவர் சொன்னது சரி. ரிமோட் வழிக்கு வர வேண்டுமே தவிர, அவர் வர வேண்டியதில்லை. அலமாரியின் முன்புறம் ஓர் அகச்சிவப்பு உணரியையும், ஒவ்வொரு கருவியின் கண்ணுக்கு மேலும் ஒட்டும் சிறு எல்இடியையும் கொண்ட ரிப்பீட்டர் ஒன்றைப் பொருத்தினேன். கருவிகள் மரக்கதவுக்குப் பின்னால் இருந்தாலும் இப்போது கட்டளை போய்ச் சேர்கிறது. டிவியின் கண்ணை நடு ஸ்பீக்கர் பாதி மறைத்துக்கொண்டிருந்த சிக்கலும் இதிலேயே தீர்ந்தது. ரிமோட்டை மேசையில் கிடத்தினாலும் முனை அலமாரியைப் பார்த்திருந்தால் போதும்.

ரிப்பீட்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, அகச்சிவப்பு ஒளி துடிக்கும் அதிர்வெண்களில் எவற்றை அது ஏற்கிறது என்பது. என்இசி 38 கிலோஹெர்ட்ஸ், ஆர்சி-5 36, சோனியின் முறை 40. இந்த மூன்றும் அருகருகே இருப்பதால் பெரும்பாலான ரிப்பீட்டர்கள் கடத்திவிடும். பேங் அண்ட் ஓலுஃப்சன் கருவிகள் 455 கிலோஹெர்ட்ஸில் பேசுபவை. அவற்றுக்குச் சாதாரண ரிப்பீட்டரும் சாதாரண கற்றல் ரிமோட்டும் பயன்படா. சோனி கருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும்: அந்த முறையில் ஒரு கட்டளை குறைந்தது மூன்று முறை தொடர்ந்து போக வேண்டும். மேக்ரோ ஒரே முறை அனுப்பினால் கருவி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். அப்படியிருந்தால் மேக்ரோவில் அதே கட்டளையை மூன்று முறை வையுங்கள்.

சிஇசி பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. டிவி எழுந்ததும் சிஇசி வழியாக ரிசீவரையும் அது எழுப்பிவிடும். மாற்றும் பவர் கட்டளையை மேக்ரோவில் வைத்திருந்தால், டிவி எழுப்பிய ரிசீவரை மேக்ரோ அணைத்திருக்கும். மேக்ரோவும் சிஇசியும் மோதிக்கொள்கின்றன என்று பலர் சிஇசியையே நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தனி ஆன் கட்டளை இருந்தால் மோதலே இல்லை. இருவரும் ஒரே வேலையைச் சொல்கிறார்கள், இரண்டாவதாகச் சொல்வது வீணாகப் போகிறது, அவ்வளவே. அதனால் சிஇசியை இயங்கவிட்டேன். ஸ்டிக்குக்கு அது எப்படியும் தேவை. டிவி அணையும்போது புளூரே பிளேயரையும் சேர்த்து அணைப்பது இப்போது அதன் பொறுப்பு. அந்தப் பிளேயருக்குத் தனி ஆஃப் கட்டளை கண்டுபிடிக்கும் தேவை இல்லாமல் போயிற்று.

முடிந்த பிறகு ஒரு சோதனை செய்தேன். கருவிகளை வேண்டுமென்றே கலைத்து, டிவி ஆன், ரிசீவர் ஆஃப், பெட்டி ஆன் என்றும், அதற்கு நேர்மாறாகவும், தவறான உள்ளீடுகளிலும் நிறுத்திவைத்து ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். அனைத்தும் அணைந்த நிலையில் மட்டும் மேக்ரோவைச் சோதிப்பது சோதனையே ஆகாது. எல்லாக் கலவைகளிலும் சரியான படமும் சரியான ஒலியும் வந்தன. அதன் பிறகுதான் அதை அம்மாவிடம் கொடுத்தேன்.

பராமரிப்புக்குச் சில வார்த்தைகள். இந்த ரிமோட் கற்றதை நிலையான நினைவகத்தில் வைத்திருக்கிறது, பேட்டரி மாற்றினால் மறக்காது. பழைய சில ரிமோட்டுகள் பேட்டரியை எடுத்துச் சில நிமிடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்பதைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். டிவியின் ஆன், ஆஃப், உள்ளீட்டு எண்களையும் முகவரிகளையும் மேக்ரோவின் இடைவெளிகளையும் ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ரிமோட் உடைந்தால் புதியதற்கு அர்டுயினோவிலிருந்து மறுபடி கற்றுக்கொடுக்க அது போதும்.

அசல் ரிமோட்டுகளைத் தூக்கி எறியக் கூடாது. அமைப்புகளின் ஆழத்துக்குப் போக என்றாவது தேவைப்படும். பேட்டரிகளைக் கழற்றிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நெடுநாள் உள்ளே கிடக்கும் ஆல்கலைன் பேட்டரி கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும். ஸ்டிக்கின் ரிமோட் மட்டும் வெளியே இருக்கிறது. அதன் மைக் பொத்தானில் பேசித் தேடும் வசதி புளூடூத்தில்தான் போகிறது, சிஇசி அதைக் கடத்துவதில்லை. எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்துத் தேடுவதைவிடப் பேசித் தேடுவது அம்மாவுக்கு எளிதாக இருக்கிறது.